ஆர்லெட்டாவின் நாய்க்கணக்கு

கிரேன் கூண்டில் ஏறி உட்கார்ந்ததும் ஆர்லெட்டா முதலில் தேடுவது நாய்களை. விடிந்தும் விடியாத அந்த வேளையில், அத்தனை உயரத்திலிருந்து, வங்கிக் கட்டடங்களுக்கு நடுவே யாராவது நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்களா என்று பார்ப்பாள். தென்பட்டால் வாக்கி டாக்கியில் கீழே உள்ளவர்களுக்குச் செய்தி வரும். "வெள்ளைச் சடை ஒண்ணு, குட்டைக்கால் ஒண்ணு. ஊரு முழிச்சிருச்சுப்பா, வேலையப் பாப்போம்." அதன் பிறகுதான் கிரேனின் கை அசையும்.

அவள் என் தங்கை. அமெரிக்காவின் சார்லட் நகரின் நடுவில் கோபுரக் கிரேன் ஓட்டுகிறாள். இரண்டு தெரு தள்ளி, ஒரு கார் நிறுத்துமிடத்தின் சாவடியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பள்ளியைப் பாதியில் விட்டவன் நான். அவளைப் பற்றி எழுத நினைத்ததும், ஒன்றும் தப்பாகிவிடக்கூடாதே என்று அவளுடைய கணக்கை அவள் வாயாலேயே இன்னொரு முறை கேட்டுக்கொண்டேன்.

"ஆபீஸுக்கு வர்றவன் நாயோடயா வருவான்? நாய் நடந்தா, ஆளு குடிவந்துட்டான்னு அர்த்தம். ராத்திரி ஆளுங்க தூங்குற இடந்தான் ஊரு. மத்ததெல்லாம் வந்துட்டுப் போற இடம்."

பல ஆண்டுகள் பெட்டியைப் பிரிக்காமலே ஊர் ஊராக வேலை பார்த்தவள் அவள். எந்த ஊர் எவ்வளவு வேகமாக நகரமாகிறது என்று கேட்டால் போதும், சாப்பாடு ஆறிப்போகும். சியாட்டில் ஓடி முடித்த ஊராம். அவள் போய்ச் சேர்வதற்கு முன்பே அங்கே நாய்கள் மழைச்சட்டை போட்டு நடந்துகொண்டிருந்தன. டென்வர் இன்னும் ஓடுகிற ஊர். அவள் ஒரு கட்டடத்தை முடிப்பதற்குள் சுற்றியிருந்த கார் நிறுத்துமிடங்கள் ஒவ்வொன்றாய்க் காணாமல்போயின. ஃபீனிக்ஸில் தரை கொதிப்பதால் நாய்க்குச் செருப்பு மாட்டிக் கூட்டிப் போகிறார்கள். அத்தனை பாடு படுவதால் அங்கே ஒரு நாயை இரண்டாக எண்ண வேண்டும் என்பது அவள் நியாயம். ஹூஸ்டனைப் பற்றிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவாள். "அங்க நாய்கூடக் கார்லதான் போகுது."

டென்வரில் அவளோடு கிரேன் ஓட்டிய டுவெயின் மதிய உணவு வேளையில் தொலைபேசியில் அழைப்பான். அவனும் தன் கூண்டில் உட்கார்ந்துதான் சாப்பிடுவான். சார்லட்டைத் தூங்குமூஞ்சி ஊர் என்பான். இவள் விடமாட்டாள். இரண்டு ஊர் நாய்களும் மோதிக்கொள்ளும்.

கார் நிறுத்துமிடங்கள் காலியானால்தான் வீடுகள் எழும் என்பதால், எனக்கும் அவளுக்கும் தொழில்முறைப் பகை உண்டு. நான் வேலை பார்த்த இரண்டு இடங்களின் மேல் இப்போது அவள் எழுப்பிய மாடிகள் நிற்கின்றன. "உன் சோத்துல மண்ணள்ளிப் போடுறதே நாந்தான் அண்ணே" என்று சிரிப்பாள். என் வெள்ளைக் கோடுகளையும் விடமாட்டாள். நான் அவற்றுக்கு ஆண்டுதோறும் புதிதாய் வண்ணம் அடிப்பேன். சாவடியின் அடி விளிம்பும் கோட்டோடு ஒட்டி நிற்க வேண்டும் எனக்கு. "மேலேர்ந்து பாத்தா இந்த ஊருலயே நேரா இருக்குறது நீ மட்டுந்தான். பாக்கவே பயமா இருக்கு."

இந்த வசந்தத்தில் அவளுடைய கட்டடத்தின் கடைசி உத்தரம் ஏறியது. வேலையாட்கள் எல்லாரும் அதில் கையெழுத்திட்டு, வழக்கப்படி ஒரு சின்ன ஊசியிலை மரத்தை அதன் நுனியில் கட்டியிருந்தார்கள். என்னையும் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடவைத்தாள். ஒரு இலையும் உதிராமல் அதை மேலே கொண்டுபோய் வைத்தாள். கீழே கைதட்டல் ஓயவில்லை. அன்று மாலை வீட்டில் அவள் தன் அறைச் சுவர்ப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரணம் எனக்குத் தெரியும். அடுத்த கட்டடம் இல்லாத ஊரில் கிரேன்காரிக்கு வேலை இல்லை. டென்வரில் டுவெயின் அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். சார்லட்டுக்குத் திரும்பி வந்த பிறகுதான் அவள் தன் அறைச் சுவரில் முதல் ஆணி அடித்தாள், படங்கள் மாட்டினாள். இனி அவற்றைக் கழற்ற வேண்டும். நடு நகரில் விற்பனைப் பேச்சில் இருந்தது ஒரே ஒரு மனைதான். அது என் கார் நிறுத்துமிடம். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊர்களை ஒப்பிடும்போது சார்லட்டை மட்டும் விட்டுவிட்டுப் பேசத் தொடங்கினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பொரித்த வெண்டைக்காயை அவள் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னேன். "என் எடமும் கைமாறிடுச்சு. குடியிருப்பு வருதாம்."

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப நீ?"

"கட்டி முடிக்கிற வரைக்கும் வாசல்ல நிக்கச் சொல்லியிருக்காங்க. அப்புறம் ஓய்வுதான். சாவடிய மட்டும் இடிச்சிருவாங்க."

"பொய் சொல்லலியே?"

"உன் கூண்டுக்கு ஆள் தேடுறாங்க. போய்க் கேளு."

 அவள் எழுந்துபோய் டுவெயினை அழைத்தாள். "டென்வர் காத்திருக்கட்டும்டா. எங்கண்ணன் அடிச்ச கோட்டு மேல நாய் நடக்கப்போகுது. உன்னால அண்ணாந்துதான் பாக்க முடியும்." அடுப்படி வரை கேட்டது அவள் சிரிப்பு. தட்டில் இருந்த என் பங்கு வெண்டைக்காயையும் அவளே தின்றுவிட்டாள்.

என் இடத்தில் புதிய கிரேன் எழுந்து நின்றது. சாவடியை நொறுக்க இயந்திரம் வந்தபோது ஆர்லெட்டா ஃபோர்மேனோடு வாதாடி, அதைத் தானே தூக்கி வாசலில் வைப்பதாகச் சொல்லிவிட்டாள். வேலி வாசலுக்கு வெள்ளைக் கோடு ஒன்று வேண்டும் என்று நான் முந்தின நாளே அடித்து வைத்திருந்தேன். கொக்கி இறங்கியது. சாவடி மெல்ல எழுந்து, நான் இத்தனை நாள் பெருக்கிய தரையைக் கடந்து, வாசலுக்கு வந்து, கோட்டுக்கு ஒரு விரல் தள்ளிப் பூப்போல இறங்கியது. சங்கிலியை அவிழ்க்க ஆள் ஓடிவந்தான்.

கொக்கி தளரவில்லை. சாவடி மறுபடியும் ஒரு சாண் எழுந்தது. அந்தரத்தில் கொஞ்சம் திரும்பியது. கோட்டோடு ஒட்டி உட்கார்ந்தது.