பாறையும் மீனும்

எழுபதுகளின் தொடக்கத்தில், துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் ஏற்றிக்கொடுக்கும் ஒரு சின்னக் கடையில் வேலை பார்த்தேன். ஒரு நார்வே கப்பலின் சமையல்காரர், "கிளிப்ஃபிஸ்க் கிடைக்குமா?" என்று கேட்டார். அது என்ன ஜந்து என்று தெரியாமலே, "தாராளமாக" என்று சொல்லிவிட்டேன். முதலாளியிடம் வந்து சொன்னதும் அவர், "அந்தக் கப்பல் ஆர்டர் போச்சுன்னா, நீயும் அதுலயே ஏறிப் போயிடு" என்றார்.

கப்பலுக்கே திரும்ப ஓடி, சமையல்காரரிடம் வெட்கத்தைவிட்டுக் கேட்டேன். கிளிப்பே என்றால் பாறை, ஃபிஸ்க் என்றால் மீன். அவர்கள் ஊரில் உப்பிட்ட மீனைக் கடலோரப் பாறைகளில் காயவைப்பார்களாம். காய்ந்த இடமே பெயராகிவிட்டது. ப்பூ, கருவாடு! ராயபுரத்தில் கடல் அரிக்காமலிருக்கக் கொட்டிய கருங்கல் கொஞ்சமா?

கருவாடு விற்கும் அக்காவிடம் பெரிய பன்னா மீனைப் பிளந்து உப்பிட்டு வாங்கிக் கல்மேல் பரப்பினேன். "ஷோக்கா கீது நைனா, மண்ணு ஒட்டாது" என்று அவளும் கூடவே பரப்பினாள். நான் காக்கையை விரட்டும் உத்தியோகத்தில் அமர்ந்தேன். மதியம் எடுத்துப் பார்த்தால், மீன் வெந்திருந்தது.

"காயப்போட்டியா, ஆக்கப்போட்டியா? ஒரு எலுமிச்சம்பழம் பிழிஞ்சா துன்னுடலாம்!"

"வேலையே போவுது, சிரிக்கிறியேக்கா."

அதையே துணிந்து கப்பலுக்குக் கொண்டுபோனேன். சமையல்காரர் ஒரு துண்டு மென்றார். "கிளிப்பே, ஆமாம். ஃபிஸ்க், ஆமாம். கிளிப்ஃபிஸ்க், இல்லை!" அந்தப் பெயருக்குள் அவர்கள் ஊர்க் குளிர்காற்றும் சேர்ந்திருந்ததை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

கப்பல் கிளம்ப நாளிருந்தது. விடவில்லை. புது மீன் வாங்கி, விடியலில் கல்லில் விரித்தேன். கல் சுடுமுன் அள்ளி, அக்கா வீட்டுக் கொட்டகை நிழலில் கடற்காற்றுக்குத் தொங்கவிட்டேன். வெயில் தாழ்ந்ததும் மறுபடி கல். என்னைப் பார்த்தவர்கள், மீனைக் காற்று வாங்கக் கூட்டிப்போகிறவன் என்றார்கள். போகட்டும். மறுநாளும் கூட்டிப்போனேன், அதற்கடுத்த நாளும்.

கடைசியில் சமையல்காரர் அதைத் தட்டினார். பலகை போலச் சத்தம் கேட்டது. முகர்ந்தார். வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இதற்கு உருளைக்கிழங்கு வேண்டும். இரண்டு மூட்டை கொண்டுவா."