ஸ்பூன் கேட்ட தாய்மாமன்

என் மகளின் காதுகுத்து அன்று கடைசிப் பந்தியில் இருந்தவர்கள் என் அம்மா, என் வீட்டுக்காரர், அவருடைய பெரியப்பா, அழுது ஓய்ந்த மகள், அவளை மடியில் வைத்திருந்த என் தம்பி. பரிமாறியது நான். அத்தனை பேர் இருந்தும் அது என் கண்ணில் மட்டும்தானா படவேண்டும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

தம்பி கோல்ஃப் ஆடுகிறவன். கெங்குவார்பட்டியிலிருந்து மலையேறி அங்கிருந்த கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டப் போனார் அப்பா. கூடப் போனவன் மட்டையைப் பிடித்தான். இன்று பாங்காக், துபாய் என்று போய்க் கோப்பை வாங்குகிறான். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்குத் தெரிந்தது, போனில் அவன் பெயருக்குப் பக்கத்தில் மைனஸ் வந்தால் நல்லது, குறைந்த அடியில் பந்தைக் குழியில் போட்டிருக்கிறான் என்பதுதான். அது தெரியும்வரை ஒவ்வொரு மைனஸுக்கும் குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்துகொண்டிருந்தேன்.

இலையில் கறிக்குழம்பு விழுந்ததும், "அக்கா, ஒரு ஸ்பூன் குடுக்கா" என்றான்.

பெரியப்பா விடுவாரா? "வெளிநாட்டுக்காரக வந்திருக்காக! ஆத்தா, முள்ளுக்கரண்டியும் சேத்துக் கொண்டா. இலையைக் குத்திக் குத்திச் சாப்பிடட்டும்!"

எல்லோரும் சிரித்தார்கள், தம்பியும்தான். மகனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டதென்று அம்மாவுக்கு மட்டும் முகம் சுண்டிவிட்டது. ஸ்பூனைக் கொடுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். சோற்றைப் பிசைய அவனுடைய கட்டைவிரல் மடங்கவே இல்லை. காது குத்தும்போது பிள்ளையை இடது கையால் மட்டும் இறுக்கியிருந்ததும் அப்போதுதான் உறைத்தது.

கை கழுவும் இடத்தில் பிடித்துக் கேட்டேன்.

"மணிக்கட்டுல சவ்வு கிழிஞ்சிருக்காம். ஆபரேஷன் பண்ணா ஒரு வருஷம் மட்டையைத் தொடக்கூடாது."

"பண்ணிக்கயேன்டா."

"ஒரு வருஷம் உக்காந்தா ஆளையே மறந்துருவாகக்கா. யார்ட்டயும் சொல்லிராத. அம்மாவுக்குத் தலைக்கனம்னே இருந்துட்டுப் போகட்டும்."

சொன்னால் அவன் பிழைப்பு போகும். சொல்லாவிட்டால் கை போகும். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தே நாள் ஓடியது. எங்கள் தோட்டத்தில் திராட்சை பழுக்கிற நேரத்தில், மழை வந்து பழத்தைக் கெடுக்குமோ என்று வீட்டுக்காரர் வானத்தைப் பார்ப்பார். நான் பந்தலுக்கடியில் நின்று போனைப் பார்ப்பேன். மைனஸ் கூடக்கூட இவன் இன்னும் நிறுத்தமாட்டானே என்று பயம்தான் கூடியது. நல்லதென்று கற்றுக்கொண்ட ஒன்றும் இப்படிக் கெட்டுப்போனது.

போன வாரம் ஜெயித்துவிட்டான். தெருவில் வெடி போட்டார்கள். அந்தப் பெரியப்பாவே அல்வாப் பொட்டலத்தோடு வந்து, "எங்க வீட்டுப் பிள்ளடா!" என்று ஊருக்கெல்லாம் கொடுத்தார். அம்மா அழுதாள். நான் பின்கட்டுக்குப் போய் அவனைப் போனில் கூப்பிட்டேன்.

"இப்பவாவது ஆபரேஷன் பண்ணிக்கடா."

"அடுத்த வாரம் ஆட்டம் இருக்குக்கா."

"கை எப்படி இருக்கு?"

அவனுக்குப் பின்னால் யாரோ கைதட்டிச் சிரிப்பது கேட்டது.

"ஊசி போட்டு மரத்துக் கிடக்குக்கா. கோப்பையக் குடுத்தாக. கையில இருக்கா, கீழ விழுந்துருச்சான்னு குனிஞ்சு பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."