மறைபவன் சொல்லிக்கொண்டு போன காட்சி

மறுபடியும் டேக் வீணானபோது இயக்குநர் மானிட்டரை விட்டு எழுந்துவிட்டார்.

இலங்கை மலையகத்தில், கொஸ்லந்தைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசைவீடான லயத்தில் படப்பிடிப்பு. நினைத்த இடத்துக்கு நொடியில் போய்விடக்கூடிய ஓர் இளைஞனைப் பற்றிய விஞ்ஞானக் கதை. நான் அதில் கன்டினியூட்டி பார்த்தேன். ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்கிறதா என்று கவனிக்கும் வேலை. நாள் முழுவதும் ஓர் ஓரத்தில், அநேகமாக யாரோடும் பேசாமல் அமர்ந்திருக்க வேண்டும். பதுளையில் என் வீட்டுக்குத் திரும்பினாலும் பேச ஆளில்லை என்பதால் அந்த மௌனம் எனக்குப் புதிதல்ல.

மறையும் காட்சியை எடுக்கும் முறை எளிமையானது. கேமராவை ட்ரைபாடில் அசையாமல் பூட்டிவிடுவோம். நடிகர் ஃபிரேமுக்கு வெளியே நடந்துபோவார். அவர் நடக்கும் பகுதியை எடிட்டிங்கில் வெட்டிவிட்டால், இருந்தவன் சட்டென்று இல்லாமற்போவான். ஆனால் ஃபிரேமில் எஞ்சியிருப்பவர் இம்மியும் அசையக்கூடாது.

எஞ்சியிருந்தவர் செல்வமணி. அந்தத் தோட்டத்திலேயே கொழுந்து பறிப்பவர். கதாநாயகனின் தாயாக நடிக்க வந்திருந்தார். ரொட்டித் தட்டோடு சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். ஆனால் நடிகர் எழுந்ததும் அவரும் எழுந்து வாசல்வரை போய்விடுவார்.

கேமராமேன் சிரித்தார். "அம்மா, உங்க மகன் மாயமா மறையிறான். நீங்க கூடவே போய் பஸ் ஏத்திவிட்டா அது என்னம்மா மாயம்?"

"மாயம்னா வாய் இல்லாமப் போயிருமா தம்பி? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்ல," என்றார் செல்வமணி.

இயக்குநருக்குச் சிரிப்பு வரவில்லை. மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. "அக்கா, இன்னும் ஒரு டேக் பாப்பம். சரிவராட்டி கொழும்புல இருந்து ஒரு நடிகையக் கூப்பிடுறேன்," என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். அது செல்வமணியின் காதில் விழுந்துவிட்டது.

அவர் அருகில் போய் அமர்ந்தேன்.

"என்னய மாத்தீராதீங்க மிஸ். என் மகன் கொழும்புல ஹோட்டல் குசினியில நிக்கிறான். படம் வந்தா பாப்பான்ல."

"அப்புறம் ஏன் எந்திரிக்கிறீங்க?"

"வேணும்னேவா செய்றேன்? அன்னைக்குக் காலையில வேலைக்குப் பெரட்டுல பேரு குடுக்க நான் போயிருந்தப்ப அவன் பையத் தூக்கிட்டுப் போயிட்டான். வந்து பாத்தா கொடியில சட்டை இல்ல. சொல்லிட்டுப் போனாத்தானே திரும்பி வருவாங்க? இந்தத் தம்பியும் வாயத் தெறக்காம எந்திரிக்கிறப்ப, கால் நிக்க மாட்டேங்குதுங்க."

இயக்குநரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். நடிகர் எழுவதற்கு முன் விடைபெறட்டும். அவர் நடப்பதை வெட்டும்போது அந்தப் பேச்சும் சேர்ந்தே வெட்டுப்பட்டுவிடும்.

"ஷாட் வந்தாச் சரி," என்றார்.

கேமரா ஓடியது. நடிகர் செல்வமணியின் முகத்தைப் பார்த்து, "போயிட்டு வர்றேம்மா," என்றார்.

"போயிட்டு வா சாமி. மழைக்கு முந்திப் போய்ச் சேரு."

நடிகர் எழுந்து வெளியேறினார். செல்வமணியின் கை தட்டின் விளிம்பிலேயே இருந்தது. பார்வை, ஆள் இருந்த இடத்தை விட்டு விலகவில்லை. இயக்குநர் கட் சொன்னார். லைட்டுகளை அணைத்தார்கள், வயர்களைச் சுருட்டினார்கள். செல்வமணி அசையவே இல்லை. தோளைத் தொட்டு, முடிந்துவிட்டது என்றேன்.

"கொஞ்ச நேரம் இப்படியே இருக்கேங்க," என்றார்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஷாட் படத்தில் இருக்கிறது. அவருடைய மகன் பார்த்தாரா என்பது எனக்குத் தெரியாது. இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: மறைபவரைப் படக்குழு முழுவதும் கவனித்துக்கொள்ளும். நீங்கள் எஞ்சியிருப்பவரைக் கவனியுங்கள். விடைகொடுக்க அவருக்கு அவகாசம் கொடுங்கள். அந்தச் சில நொடிகளை எடிட்டர் பிறகு வெட்டிக்கொள்ளட்டும்.