வெறும் வயிற்று ரத்தம்

மனிதர்களைக் காலைக் காபிக்கு முன் போய்ப் பார்த்து ரத்தம் எடுப்பது எங்கள் தொழில். யாருக்கும் எங்களைப் பிடிக்காததற்கு ஊசி மட்டும் காரணமில்லை. நீங்களும் பசியோடு கையை நீட்டியவர்கள்தானே! செல்வராஜை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் கையை நீட்டாமல் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு சிரித்தார்.

எடைக்கருவி

பாரிவாக்கத்தில் வீடு. பஸ் ஓட்டுநர். காக்கிச் சட்டை அவர்மேல் கொடியில் காய்வதுபோல் தொங்கும். மனைவி ஸ்டெல்லா நல்ல பருமன். ரத்தம் எடுக்க என்னைக் கூப்பிட்டதே ஸ்டெல்லாவுக்காகத்தான். போனால் போகிறதென்று செல்வராஜும் கையை நீட்டினார். கூடத்தில் ஒரு எடைக்கருவி கிடந்தது. "ஏறு புள்ள, அண்ணாத்த பாக்கட்டும். மிஷினு அலறட்டும்!" என்றார்.

ஸ்டெல்லா அசையவில்லை. "மிஷினுக்கு வாயில்ல. உனக்குத்தான் கீது."

இரண்டு குழாய்கள்

அம்பத்தூர் லேபில் ரத்தத்தைச் சுழற்றும்போது சிவப்பு அடியில் தங்கிவிடும். மேலே சீரம் தெளிந்து நிற்கும். எத்தனை வருடம் பார்த்தாலும் அந்த நிமிஷம் எனக்குக் கோயிலில் திரை விலகுவது போலத்தான். ஸ்டெல்லாவுடையது வெளிர் மஞ்சள். குழாய்க்கு அந்தப் பக்கம் பிடித்த என் விரல் தெரிந்தது. செல்வராஜுடையது தேங்காய்ப்பால்; கொழுப்பு மிதந்தால்தான் அப்படி வெளுக்கும்.

உடன் வேலை செய்யும் மீனா சிரித்தாள். புருஷன் பெண்டாட்டி பேரை நான் மாற்றி ஒட்டிவிட்டேனாம். எனக்கும் சந்தேகம். மறுநாள் போய் மறுபடி எடுத்து வந்தேன். மறுபடியும் தேங்காய்ப்பால். மீனா குழாயை வெளிச்சத்தில் பிடித்தபடி கேட்டாள்: "அவ்ளோ ஒல்லியா இருக்கிறவருக்கா சார் இது?"

சுமக்கிறவர்கள்

என் மனைவி தவறிப்போன பிறகு மாலைகள் நீண்டுவிட்டன; கிடைத்ததையெல்லாம் படித்தேன். கொழுப்பு தண்ணீரில் கரையாது. ரத்தத்தில் அதைப் புரதங்கள்தான் மூட்டைபோல் சுமந்து போகின்றன. சேர்ந்துகிடக்கும் கொழுப்பும் சும்மா இருப்பதில்லை. தானே புரதங்களைச் செய்து அனுப்புகிறது. ஒன்று மூளைக்குப் போய் 'போதும்' என்கிறது. இன்னொன்று சர்க்கரையையும் கொழுப்பையும் எரிக்க உதவுகிறது. இதைப் படித்த அன்று, உள்ளே இத்தனை பேச்சா என்று என் மணிக்கட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

செல்வராஜைப் பற்றி எங்கள் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அந்தம்மாவோட உடம்பு கொழுப்பைத் தோலுக்கடியில பத்திரமா வச்சிருக்கு. இவருக்கு வைக்க இடமில்ல. ரத்தத்துலயும் ஈரல்லயும் அலையுது. முதல்ல இவரைக் கூட்டிட்டு வாங்க."

நீட்டாத கை

அவர் வரவில்லை. ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டரம்மா எழுதிக்கொடுத்த மாத்திரையும் பிரிக்காமல் டிவி மேல் கிடந்தது. மூன்றாம் முறை நான் போனபோதுதான் கையை ஒளித்துக்கொண்டார். "ஊதுனா பறந்துடுவேன் அண்ணாத்தே, எனக்கின்னா கொழுப்பு? அவ கைய குத்து!"

ஸ்டெல்லா கையை மடக்கிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "என்னிய வுடுங்கண்ணே. அவுர மொத பாருங்க."

மிச்சம்

அடுத்த மாதம் டிப்போவில், சாப்பாட்டுப் பையைத் திறக்கும்போதே செல்வராஜ் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

பிறகு ஸ்டெல்லாவுக்கு ரத்தம் எடுக்கப் போனேன். லேபில் சுழற்றியபோது சீரம் அன்றும் தெளிவுதான். அவர் வீட்டிலிருந்து நான் கிளம்பும் முன், எடைக்கருவியை நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டுச் சொன்னார்: "தூக்கிப் போட மனசு வரலண்ணே. ஏறி நின்னா அவுரு கிண்டல் பண்றது காதுல கேக்குது."

ஆளைக் கண்ணாலேயே எடை போடுகிற நம் எல்லாரையும்விட ஒரு சொட்டு சீரத்துக்கு அதிகம் தெரிகிறது. எடைக்கருவி அந்தக் கூடத்தில்தான் கிடக்கிறது, வேலை செய்கிறது.