மலைப்பாம்பு அடைகாத்த கோடை

ஜோதிமணிக்குப் பாம்பென்றால் பயமில்லை. அதுவே அவளுக்கு வினையாக வந்து முடிந்தது.

முதுகுளத்தூர்ப் பக்கம் பருத்திக்காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தவள், முப்பத்தாறு வயதில் அபுதாபியில் ஒரு அரபி வீட்டுக்கு வேலைக்கு வந்தாள். வீட்டு முதலாளிக்கு ருவைஸ் எண்ணெய் ஆலையில் உத்தியோகம். வாரக் கடைசியில்தான் வருவார். மூத்த மகன் மாடியறையில் கண்ணாடிக் கூண்டு வைத்து ஒரு பர்மா மலைப்பாம்பை வளர்த்தான். பன்னிரண்டு அடி நீளம். மற்ற வேலைக்காரிகள் அந்த அறைப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள். வந்த வாரமே ஜோதிமணி கூண்டைத் துடைத்துச் சுத்தம் செய்தாள். அன்றிலிருந்து பாம்பு அவள் பொறுப்பாகிவிட்டது.

2004 மே மாதத்தில் அது இருபத்தாறு முட்டையிட்டு, அவற்றைக் குவித்துச் சுற்றிப் படுத்துக்கொண்டது. அந்த வாரமே மகன் படிப்புக்காக லண்டன் கிளம்பினான். போகுமுன் அவன் சொன்னதையெல்லாம் டிரைவர் செய்கு அலாவுதீன் அவளுக்குத் தமிழில் சொன்னார். அவர் கீழக்கரைக்காரர்.

"தண்ணி மட்டும் மாத்தணுமாம், தங்கச்சி. இரை போட வேணாம், திங்காது. முட்டையத் தொட்டுராதே. ஹீட்டர் சூடு இந்தக் கோட்டுலயே நிக்கணும். அறுவது நாளு."

"ஜூன்ல எனக்கு லீவு இருக்கேண்ணே."

அலாவுதீன் முதலாளியின் மனைவியான மேடத்திடம் கேட்டார். மேடம் படியில் நின்றபடியே, "மாஃபி" என்று மறுத்துவிட்டாள். பாம்பு வேலை முடிந்தால்தான் லீவு. பாஸ்போர்ட் அவள் அலமாரியில் இருந்தது.

ஊரில் ஜோதிமணியின் புருஷன் கார்மேகம் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் கிடந்தான். ஈரல் கெட்டு வயிறு வீங்கியிருந்தது. அவன் தங்கை விஜி போனில் அழுதாள்.

"தண்ணி எடுக்க எடுக்க மறுபடி கோத்துக்குது மதினி. உங்களத்தான் கேக்குறாரு."

ஜோதிமணி தினமும் மூன்று வேளை மாடிக்குப் போனாள். சூடு பார்த்தாள், தண்ணீர் மாற்றினாள், சுவரோரம் ஈரம் தெளித்தாள். பாம்பு அசையவே இல்லை. விலாப்பக்கம் தோல் மடிந்து, முதுகெலும்பு வரம்புபோலத் துருத்திக்கொண்டு வந்தது.

நாற்பத்தோராம் நாள் காலையில் கார்மேகம் இறந்துபோனான். அலாவுதீன் மறுபடியும் மேடத்திடம் போய் நின்றார். திரும்பி வந்தவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இப்பப் போனாலும் எடுத்துருப்பாங்களே, இன்னும் இருவது நாள்தானேங்குது."

அன்று மத்தியானம் ஜோதிமணி மாடியேறி ஹீட்டரை அணைத்தாள். அழுகட்டும் எல்லாம் என்று தரையில் உட்கார்ந்தாள். வீடெங்கும் ஏசி ஓடியதால் கூண்டு சீக்கிரமே குளிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் பாம்பின் உடம்பு வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது. சாகப்போகிறதோ என்று பதறி எழுந்தாள். அது சாகவில்லை. சுற்றை இன்னும் இறுக்கிக்கொண்டு, உடம்பை உதறி உதறித் தன் சூட்டை முட்டைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. அத்தனை நாள் பட்டினி கிடந்த உடம்பு. அவளால் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஹீட்டரைப் போட்டுவிட்டு, அங்கேயே சுவரில் சாய்ந்து புருஷனுக்காக அழுதாள்.

அறுபத்துமூன்றாம் நாள் முட்டைத் தோல் கிழிந்து குட்டிகள் தலை நீட்டின. பதினொன்றுதான் பிழைத்தன. மற்ற முட்டைகள் உள்வாங்கிப் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. தான் ஹீட்டரை அணைத்துவைத்த நேரத்தினாலா, அவை முதலிலிருந்தே கெட்டவையா என்று அவளுக்குத் தெரியவில்லை, கேட்கவும் ஆளில்லை. மேடம் வாசலில் நின்றே போட்டோ எடுத்துக்கொண்டாள். நான்கு நாள் கழித்து பாஸ்போர்ட் கைக்கு வந்தது.

ஊருக்குப் போனபோது கருமாதி முடிந்து பத்து நாளுக்கு மேலாகியிருந்தது. விஜி கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"கடைசி ரெண்டு நாளும் யாரையும் தெரியல மதினி. அதுக்கு முன்னாடிதான் கேட்டுக்கிட்டே கெடந்தாரு." கஞ்சியை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, "தாலி கட்டுன புருஷன் செத்ததுக்குக்கூட விடாம, அப்படி என்ன வேலை அங்க?" என்றாள்.

ஜோதிமணி கஞ்சியைக் கையால் கரைத்தாள்.

"மேடத்துக்குப் பிரசவம்."

"என்ன புள்ள?"

"பொட்டப்புள்ள" என்று சொல்லிவிட்டு, கையைக் கழுவ எழுந்து போனாள்.