அடியில் கிடந்த சாவி

என் சித்திக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் ‘ரெண்டு தடவை’. காஸ் அடுப்பின் குமிழை ரெண்டு தடவை தொட்டுப் பார்ப்பாள். கதவைப் பூட்டி நாலு படி இறங்கிய பிறகு மறுபடி ஏறிப் போய் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். பஸ் கிளம்பியதும் சித்தப்பா சும்மா இருக்காமல், “பூட்டினியா?” என்று கேட்பார். சித்தியின் முகம் வெளுத்துவிடும். இருபது வருடமாக அவருக்கு அந்த விளையாட்டு சலிக்கவில்லை.

மூன்று வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு, ஒரே ஒரு முதுகுப்பையோடு நான் போய் இறங்கியது அவள் வீட்டில்தான். அம்மா வீட்டுக்குப் போயிருந்தால் ‘இனிமே என்ன செய்யப் போறே’ என்ற கேள்வி செருப்பைக் கழற்றும் முன்பே வந்திருக்கும். சித்தி எதையும் கேட்கவில்லை. “உன் ரூம்ல இஸ்திரி மேசை இருக்கு, நகர்த்திக்கோ. ஊர்சுத்திக்கு இடம் எவ்வளவு வேணும்?” என்றாள். அவ்வளவுதான்.

அவளுடைய வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு ஸ்கேன் மையத்தில் எக்ஸ்ரே பிலிம் உறைகளின் மேல் நோயாளிகளின் பெயரை எழுதுகிற வேலையில்தான் அவள் சேர்ந்தாள். பிலிம் போய்த் திரை வந்தபோது கூட இருந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். சித்தி மட்டும் புத்தகமும் கையுமாக உட்கார்ந்து கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டாள். இப்போது அவள் இருப்பது பல மருத்துவமனைகளின் ஸ்கேன் படங்களைக் கிளவுடில் பத்திரப்படுத்தி, டாக்டர் கேட்டதும் எடுத்துக் காட்டும் ஒரு கம்பெனியில். அங்கே பத்தொன்பது நிரல்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய சாமான்களோடு தனித்தனிக் கன்டெய்னரில் அடைக்கப்பட்டிருக்கும். சித்தி அவற்றைப் ‘பெட்டி’ என்பாள். பத்தொன்பது பெட்டியும் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. பெட்டிகளையும் ரெண்டு தடவைதான் பார்ப்பாள்.

நான் போன இரண்டாம் வாரத்தில் அந்தச் செய்தி வந்தது. படங்கள் இருக்கும் கிடங்குக்குள் யாரோ வெளியாள் நுழைந்திருக்கிறான். பூட்டை உடைக்கவில்லை, சாவி போட்டுத் திறந்திருக்கிறான். பத்தொன்பது பெட்டிக்கும் பொதுவாக ஒரே சாவிதான். நீண்ட எழுத்துச் சரம், காலாவதியே ஆகாதது. கம்பெனி எட்டு மாதம் முன்பு ஒரு பெட்டியின் மாதிரியை, அதாவது அப்படியே எடுத்த நகலை, செயல்விளக்கத்துக்காக இணையத்தில் யாரும் எடுக்கக்கூடிய பொது இடத்தில் போட்டிருந்தது. சாவி அதற்குள் இருந்திருக்கிறது. வந்தவன் பதினோரு பேருடைய படங்களைத் திறந்து பார்த்திருந்தான்.

மாதிரியைப் பொது இடத்தில் ஏற்றியவர் ஒரு ஒப்பந்த ஊழியர். ஐம்பதைத் தாண்டியவர். எந்நேரமும் பேசிக்கொண்டே இருப்பதால் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ரேடியோ. இரண்டு வருடம் முன்புதான் சேர்ந்தார். ஏற்றியது அவர் பெயரில் பதிவாகியிருந்ததால் பழி அவர் மேல் விழுந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை பதினோரு மணிக் கூட்டத்தில் அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டு, மருத்துவமனைகளுக்கு அறிக்கை அனுப்புவதாக மேலாளர் முடிவு செய்திருந்தார். அதற்குள் பொதுச் சாவியே இல்லாத ஏற்பாட்டைச் செய்து முடிக்க வேண்டியது சித்தியின் வேலை.

“பேசற ஆளு, அஞ்சு நாளா வாயே திறக்கல,” என்றாள் சித்தி. “ரேடியோவை யாரோ அணைச்சு வெச்ச மாதிரி இருக்கு.”

சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: “லிஃப்ட் நடுவுல நின்னுதுன்னா எவன் கடைசியா பட்டனை அமுக்கினானோ அவனைத்தான் எல்லாரும் திட்டுவாங்க. கயிறு தேஞ்சு நாலு வருஷமாயிருக்கும். அதை யாரு பார்க்கறா?”

சித்தி தட்டைக் கொண்டுபோய்க் கழுவும் தொட்டியில் வைத்தாள். பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

“நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?” என்று சித்தப்பா என்னைப் பார்த்தார்.

மறுநாள், செவ்வாய்க்கிழமை, கடைக்குப் போகக் கிளம்பினோம். சித்தி பூட்டை மூன்றாம் தடவை இழுத்துப் பார்த்தாள். நாலாவது தடவைக்கும் படியேறினாள். நான் அவள் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது.

“நான்தான்டி,” என்றாள்.

“எது?”

“சாவியை உள்ள வெச்சது நான்தான்.”

படியிலேயே உட்கார்ந்து சொன்னாள். நாலு வருடம் முன்பு, ஒரு பெரிய மருத்துவமனையில் முதல் நாள். அவசரப் பிரிவின் பெட்டி கிளம்ப மறுத்தது. மண்டையில் அடிபட்ட ஒருவரின் ஸ்கேனுக்காக டாக்டர் போனில் கத்திக்கொண்டிருந்தார். சாவிக் கோப்பைத் தூக்கி அந்தப் பெட்டிக்குள்ளேயே போட்டாள். ‘இன்னிக்கு மட்டும்’ என்று, கோப்பைச் சேர்த்த வரியின் பக்கத்தில் குறிப்பும் எழுதி வைத்தாள். மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்தக் கோப்பை அழித்தாள்.

“அழிச்சிட்டேல்ல? அப்புறம் என்ன?”

“அலமாரித் தட்டுல பேப்பர் விரிப்போமே, பழசை உருவாம அது மேலேயே புதுசை விரிச்சா எப்படி? பெட்டி அந்த மாதிரி. ஒவ்வொரு மாத்தமும் முந்தினது மேல ஒரு அடுக்கா உட்காரும். அழிச்சேன்னா மேல் அடுக்குல அது இல்லைன்னு காட்டும். அடி அடுக்குல அப்படியே கிடக்கும். அடியிலேர்ந்து புதுசா கட்டணும். அது தெரியும் எனக்கு. அன்னிக்கு மேலே பார்த்தேன், இல்லை. அதோட விட்டுட்டேன். ஒரே தடவைதான் பார்த்தேன்.”

இன்னும் இருந்தது. எட்டு மாதம் முன்பு அதே பெட்டியின் மாதிரியை ஏற்றும் முன்னால் ரேடியோ அலுவலகக் குழுவில் அவளைக் கேட்டிருக்கிறார்: ‘உள்ளே எதுவும் இல்லையே?’ இவள் ‘எடுத்துட்டேன்’ என்று பதில் போட்டிருக்கிறாள். அந்தக் குழுவில் மூன்று மாதத்துக்கு முந்தைய செய்திகள் தானாக அழிந்துவிடும். இப்போது அந்தக் கேள்வியும் பதிலும் இரண்டே பேருடைய தலைக்குள்தான் இருந்தன.

“அவர் சொல்லலையா?”

“சொல்லல. அதுதான்டி என்னைக் கொல்லுது.” பிறகு சம்பந்தமில்லாமல், “அந்தப் பதினோரு பேருல ஒரு ஏழு வயசுக் குழந்தையோட மணிக்கட்டு இருக்கு. ஒரு அம்மாவோட மார்புப் படம் இருக்கு. யார்கிட்டயும் காட்டியிருக்க மாட்டாங்க,” என்றாள்.

அந்த வாரம் முழுவதும் சாப்பாட்டு மேசைதான் அவளுக்கு அலுவலகம். புதிய ஏற்பாடு எனக்குச் சுலபமாகப் புரிந்தது. எத்தனை எல்லைச் சாவடிகளில் நின்றிருக்கிறேன்! எந்தப் பெட்டியிடமும் இனி சாவி கிடையாது. ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம். கிடங்குக்குள் போக வேண்டுமென்றால், ‘இது எங்கள் பெட்டிதான், இன்ன இடத்தில் ஓடுகிறது’ என்று பெட்டிகளை ஓட்டும் அமைப்பு முத்திரையிட்ட ஒரு சீட்டைக் கொடுக்கும். கிளவுட் அந்த முத்திரையைச் சரிபார்த்து ஒரு மணி நேர அனுமதி தரும். அதுவும் அந்தப் பெட்டிக்கு வேண்டிய அறைக்கு மட்டும். சீட்டு திருடுபோனாலும் ஒரு மணி நேரத்தில் செத்த காகிதம்.

மேலாளர் அனுப்பிய வேலைப் பட்டியலில் கடைசி வரி: ‘பழைய மாதிரிகளை எல்லாம் அழிக்கவும்.’ அந்த வரியைச் சித்தி விரலால் தொட்டுக் காட்டினாள். சாவி நாலு வருடம் முன்பே உள்ளே போனது என்று சொல்லும் தேதி அந்தப் பழைய மாதிரியின் அடி அடுக்கில்தான் இருந்தது. வேறெங்கும் இல்லை. ரேடியோ கம்பெனிக்கு வருவதற்கு இரண்டு வருடம் முந்தைய தேதி.

“சொன்ன வேலையைச் செஞ்சாலே போதும்,” என்றாள். “யாரும் என்னைக் கேட்க மாட்டாங்க.”

வீட்டின் நிலையான வருமானம் அவளுடையது. சித்தப்பாவின் முழங்கால் இரண்டு வருடமாகத் தகராறு செய்கிறது. ‘உண்மையைச் சொல்லு சித்தி’ என்பது, ஓரிடத்தில் ஆறு மாதம் வேலையில் நிலைக்காத என் வாயிலிருந்து வந்தால் அவளே சிரித்துவிடுவாள். போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

வியாழன் மதியத்துக்குள் பதினெட்டு பெட்டிகள் மாறிவிட்டன. பத்தொன்பதாவது, அதே அவசரப் பிரிவுப் பெட்டி, ‘அனுமதி இல்லை’ என்று திரும்பத் திரும்ப அடம்பிடித்தது. மேலாளர் போன் செய்தார். அவர் குரல் மேசையிலிருந்து அடுப்படி வரை கேட்டது.

“எந்தப் பெட்டி வந்தாலும் விடுன்னு பொதுவா ஒரு நட்சத்திரக் குறி போட்டு விடும்மா. இன்னிக்கு மட்டும். அப்புறமா சரி பண்ணிக்கலாம்.”

சித்தி நட்சத்திரக் குறியைப் போட்டாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அதை எடுத்துவிட்டு, ரேடியோவை அழைத்தாள். அவருடைய உரிமைகளை எல்லாம் பறித்துவிட்டார்கள். கேள்விக்குப் பதில் சொல்ல மட்டும் வைத்திருந்தார்கள்.

“சார், அவசரப் பிரிவு மட்டும் உள்ள விட மாட்டேங்குது. பெயர் சரி, முத்திரை சரி, எல்லாம் ரெண்டு தடவை பார்த்துட்டேன்.”

“அது இடம் மாறிடுச்சும்மா,” என்றார் ஸ்பீக்கரில். “போன மாசம் தனிப் பிரிவுக்கு மாத்தினோம். உங்க விதியில பழைய இடம் இருக்கும்.”

இருந்தது. மாற்றியதும் பெட்டி உள்ளே போய்விட்டது.

“ஓடுதா?”

“ஓடுது சார்.”

“வேற ஏதாவது இருக்காம்மா?”

சித்தி வாயைத் திறந்தாள். நான் துடைத்துக்கொண்டிருந்த டம்ளரோடு நின்றுவிட்டேன்.

“இல்ல சார்.”

அவர் உடனே வைக்கவில்லை. இணைப்பில் எங்கோ ஒரு மின்விசிறி சுற்றும் ஓசை கேட்டது. “சரிம்மா,” என்றார். வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பழைய சாவியை முடக்கினாள். பத்தொன்பது பெட்டியும் நிற்காமல் ஓடின. பட்டியலில் எல்லா வரிக்கும் சரிக்குறி போட்டாள், கடைசி வரியைத் தவிர. “வண்டி நீ ஓட்டு,” என்று ஸ்கூட்டர் சாவியை என்னிடம் கொடுத்தாள்.

கூட்டம் ஒரு கண்ணாடி அறையில் நடந்தது. நான் வெளியே தண்ணீர்க் குடுவை பக்கத்தில் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவை மூட வைக்கும் கருவி பழுதாகி, கதவு நாலு விரல் அளவு திறந்தே நின்றது. சித்தப்பா பார்த்திருந்தால் திட்டியிருப்பார். ரேடியோ மேசையின் கோடியில் இருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நெஞ்சோடு அணைத்த ஒரு கோப்பு.

“பொது இடத்துல ஏத்தினது இவர்தான். பதிவு இருக்கு. மேல பேச ஒண்ணுமில்ல,” என்று மேலாளர் ஆரம்பித்தார்.

“இருக்கு சார்,” என்றாள் சித்தி. சுவரில் இருந்த பெரிய திரையில் அந்தப் பழைய மாதிரியின் அடுக்குகள் ஒன்றின் கீழ் ஒன்றாக வந்தன. கடைசிக்கு வந்தாள். “தேதியைப் பாருங்க. நாலு வருஷம். அப்ப இவர் இங்க இல்ல. ஏத்தினது அவர். உள்ள வெச்சது நான்.”

மேலாளர் எழுந்து திரைக்கு அருகே போய்த் தேதியைப் பார்த்தார்.

“இவர் ஏத்தறதுக்கு முன்னால என்னைக் கேட்டார். எடுத்துட்டேன்னு சொன்னேன். பார்க்காமலே சொன்னேன்.”

“ஒன்பது நாளா ஏம்மா சொல்லல?”

“பயம் சார்.”

வேறு காரணம் எதுவும் சேர்க்கவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் அவள் பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தேன். ரேடியோ அவளைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் படிக்கட்டில் சித்தி அவரை எட்டிப் பிடித்தாள். நான் இரண்டு படி பின்னால் இருந்தேன்.

“சார், நீங்களாவது சொல்லியிருக்கலாமே?”

“என்னத்தைச் சொல்ல? எழுத்துல இல்ல. நான் எப்பவும் பேசறவன். பேசறவன் பேச்சை எவன் எடுப்பான்?” கோப்பைக் கை மாற்றிக்கொண்டார். “முதல் மூணு நாள் நீங்களே சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன். அப்புறம் நினைக்கறதை விட்டுட்டேன். நேத்து போன்ல மறுபடி ஒரு தடவை நினைச்சேன்.”

படியிறங்கிப் போய்விட்டார்.

ரேடியோவின் வேலை தப்பியது. சித்தியின் வேலையும் போகவில்லை, ஆனால் ஓடும் பெட்டிகளைத் தொடும் உரிமையை எடுத்துவிட்டார்கள். பெட்டிகளுக்கு அவள் செய்த ஏற்பாடே அவளுக்கும் வந்தது. ஏதாவது திருத்த வேண்டுமென்றால் காரணம் எழுதி விண்ணப்பிக்க வேண்டும். இன்னொருவர் சரி என்றால் ஒரு மணி நேர அனுமதி. அந்த இன்னொருவர் ரேடியோ. சித்தப்பாவிடம் அன்று மாலை எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வெகுநேரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு பஸ்ஸில் ‘பூட்டினியா’ என்று அவர் கேட்டதே இல்லை. அதுவே அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

ரேடியோ எந்த விண்ணப்பத்தையும் தடுக்கவில்லை. தாமதிக்கவும் இல்லை. ‘சரி’ என்று ஒரு சொல் வரும், அதோடு நின்றுவிடும். மற்றவர்களிடம் பழையபடி பேசிச் சிரிக்கிறார் என்று கேள்விப்பட்டாள்.

நான் மறுபடி கிளம்பும் வாரம் அது. பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். மேசையில் ஸ்பீக்கர் ஒலித்தது.

“ஏம்மா, அவசரப் பிரிவோட புது மாதிரியை மருத்துவமனைக்கு அனுப்பணும். மேலாளர் நிக்கிறார் பக்கத்துல.” ரேடியோவின் குரல். “உள்ள எதுவும் இல்லையே?”

சித்தி நாற்காலியை மேசையோடு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“தெரியல சார். அடியிலேர்ந்து ஒவ்வொண்ணா பார்க்கணும். அரை மணி நேரம் ஆகும்.”

“மேலாளர் அவசரம்ங்கறார்.”

“ஆகும் சார்.”

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. “சரி, பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்,” என்றார் ரேடியோ.

முதல் அடுக்கைத் திறந்தாள்.