பத்தடி தூரத்து எழுத்துகள்

1. இரண்டாம் வகுப்பில் என் மகள் கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதுவதாக டீச்சர் சொன்னார்.
2. பொன்னேரியில் கண் டாக்டரிடம் காட்டினேன். இரண்டு கண்ணிலும் மைனஸ் ஒன்றரை.
3. எப்போதும் கண்ணாடி, இரவில் சொட்டு மருந்து, தினமும் இரண்டு மணி நேரம் வெளியே பகல் வெளிச்சத்தில் விளையாட்டு. பவர் வேகமாக ஏறாமலிருக்க இந்த மூன்றும் வேண்டும் என்றார்.
4. நானே ஓர் எழுத்து அட்டையை அச்செடுத்து, பத்தடி அளந்து சுவரில் ஒட்டினேன். ஞாயிறுதோறும் கண்ணாடியோடு படிக்கச் சொல்லி நோட்டில் குறித்தேன்.
5. ஆறு மாதமும் எல்லா வரியும் சரி.
6. மறுபரிசோதனையில் மைனஸ் இரண்டேகால்.

வீட்டில் கடைசி வரிவரை படிக்கிறாளே என்று டாக்டரிடம் வாதாடினேன். அவர் மகளைக் கண்ணை மூடிக்கொண்டு அந்த வீட்டு அட்டையைச் சொல்லச் சொன்னார். ஓர் எழுத்துகூடத் தவறாமல் சொன்னாள்.

கும்மிடிப்பூண்டியில் ஓர் ஆலையில் தரப்பரிசோதனை என் வேலை. அளந்த துண்டையே அடையாளம் தெரியும்படி மறுபடி அளக்கக் கொடுத்தால் கை பழைய அளவையே எழுதும் என்று புதியவர்களுக்கு வகுப்பெடுப்பவள் நான்.

திரும்பும் ரயிலில் ஏன் அதை மனப்பாடம் செய்தாள் என்று கேட்டேன். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி சொன்னாள்.

"தப்பா சொன்னா நீ பேசாம எழுதிகினே இருப்ப. கரீட்டா சொன்னா நோட்ட மூடிட்டு என்கூட ஒக்காந்துகினு இருப்பல்ல."

அவள் அப்பாவுக்குக் கப்பலில் வேலை. இந்த ஊரில் எங்களுக்கு வேறு யாரும் இல்லை. பள்ளி வேன் அவளை நாலு மணிக்கு இறக்கிவிடும். நான் வர ஆறரை ஆகும். தெருவில் லாரிகள் ஓயாது. அதனால் நான் வரும்வரை கிரில் கதவைத் திறக்கக் கூடாது என்று விதி போட்டிருந்தேன். டாக்டர் சொன்ன இரண்டு மணி நேரத்துக்கு என் நோட்டில் கட்டமே இல்லை.

நான் வரும்வரை தனியாக என்ன செய்வாய் என்று அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

"இன்னா பண்றது? கிட்ட போய் நின்னுகினு அட்டய படிப்பேன்."

அட்டையைக் கிழித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எதையும் குறிக்காமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் வேன் வருவதற்கு முன் இருவரும் ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நடக்கிறோம். சொட்டு மருந்து தவறுவதில்லை. ஷிப்ட் மாற்றம் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. அடுத்த பரிசோதனைக்கு இரண்டு மாதம் இருக்கிறது. மாலை நாலு முதல் ஆறரை வரை அவள் இன்னும் கிரிலுக்கு உள்ளேதான் இருக்கிறாள்.